குட்டைக்கு ஒதுங்கிய பாதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சார்லட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவன். என் மகனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவனுக்குப் பதினான்கு வயது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் மேல் பைத்தியம் பிடித்திருக்கிறது. செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை வைத்திருந்தோம். அன்று டார்லிங்டன் பந்தயம், வரமாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் பெரிய சண்டை. சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது கார்கள் ஒரே வட்டத்தில் இடது பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடுகின்றன. மோதல் நடந்தால்தான் கூட்டமே எழுந்து நிற்கிறது. பெட்ரோல் விரயம், காதைக் கிழிக்கும் சத்தம். அந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் தென் கரோலினாவில் இருந்தவர். டார்லிங்டன் போனதைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவன் மனத்தை எப்படித் திருப்புவது?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளை வளர்ப்பைப் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. போன வாரம் பழைய கைப்பை ஒன்றைக் காலி செய்தபோது கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு தரையில் விழுந்தது. 2019இல் டார்லிங்டனில் என் மடியில் வந்து விழுந்தது அது. அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாளாக அந்த இரவையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம்.

பெட்ரோலையும் சத்தத்தையும் விட்டுவிடுவோம். சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு இருக்கிறது. பெட்ரோலைப் பற்றி, ஊருக்குப் போய்வர விமானம் ஏறுகிற நாம் பந்தயத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஆனால் ‘ஒரே வட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. உங்கள் பிள்ளை அதைப் படித்தால் அழுதுவிடுவான். டார்லிங்டன் வட்டமே கிடையாது தம்பி. முட்டை. அதுவும் ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒடுங்கின, அச்சு அசல் கோழிமுட்டை.

அது ஏன் முட்டையானது என்று உங்கள் மகனைக் கேளுங்கள், சொல்வான். நானும் சொல்கிறேன். ஹரோல்ட் பிராசிங்டன் அந்த ஊர்க்காரர். 1933இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், சொந்த ஊரில் அப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று மனத்தில் போட்டுவைத்தார். கட்டத் தொடங்கியபோது 1949 ஆகிவிட்டது. நிலம் கொடுத்தவர் ஷெர்மன் ராம்ஸி. நிலத்தைத் தரச் சம்மதித்தார், ஆனால் அதன் மேற்குக் கோடியில் அவர் மீன்குஞ்சு வளர்த்த ஒரு சின்னக் குட்டை இருந்தது. அதைத் தொடக்கூடாது என்றுவிட்டார். பிராசிங்டன் அதைத் தொடவில்லை. பாதையின் அந்த முனையைக் குறுக்கி, குட்டைக்கு ஒதுங்கி வளைத்தார். அன்று குறுகிய வளைவு இன்றும் குறுகியே இருக்கிறது. அவசரமாக ஓடும் நாற்பது கார்களும் இன்றைக்கும் ஒரு கிழவரின் மீன்குஞ்சுகளுக்கு வழிவிட்டுத்தான் திரும்புகின்றன.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். எல்லா விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஒரு சுற்று 1.366 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அகன்ற முனையில் சாலை 25 டிகிரி சரிந்து நிற்கிறது, ஒடுங்கிய முனையில் 23 டிகிரி. இரண்டு முனையும் ஒன்றாக இருந்தால் காரை அதற்கேற்ற மாதிரி இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்து அனுப்பிவிடலாம். டார்லிங்டனில் அது நடக்காது. ஒரு முனைக்குச் சரிசெய்தால் இன்னொரு முனையில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. 367 சுற்று, சுற்றுக்கு நான்கு வளைவு, ஆக 1,468 முறை திரும்ப வேண்டும். அதில் பாதியில் தன் வண்டி தப்பாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே ஓட்டுநர் ஓட்டுகிறார். நீங்கள் பார்த்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இது நடந்தது. உங்களுக்கு ‘இடது பக்கம் திரும்புவது’ மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மற்றது தெரிகிறது. இதில் யார் யாருடைய மனத்தைத் திருப்ப வேண்டும்?

கோபமாக எழுதுகிறேனோ? முதல் முறை போனபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு பாட்டிதான் என்னை அழைத்துப் போனார். அவருக்கும் அவர் கணவருக்குமாக வருடா வருடம் வாங்கும் இரண்டு டிக்கெட். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டாகவே வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம் காலி நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

மாலையில் தொடங்க வேண்டிய பந்தயம் மழையில் நின்றுபோனது. பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, சீஸும் மிளகாயும் தடவிய சாண்ட்விச்சைத் தின்றபடி, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குப் போகலாமே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2004 முதல் பதினோரு வருடம் லேபர் டே வாரத்தை முதலில் கலிஃபோர்னியாவுக்கும் பிறகு அட்லாண்டாவுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு, 2015இல்தான் டார்லிங்டனுக்குத் திருப்பித் தந்தார்கள். பதினோரு வருடம் காத்திருந்தவருக்கு நான்கு மணி நேர மழை ஒரு கணக்கா?

ராத்திரி பத்து மணிவாக்கில் கொடி அசைத்தார்கள். பாட்டி ஒரு ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். ஓட்டுநரும் அவருடைய குழுவும் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம். “மூன்றாவது வளைவில் முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது” என்றது ஒரு குரல். “ஒன்றாவதில்?” “அங்கே பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குழுத்தலைவர் நிதானமாக, “எது வேண்டும் சொல், ஒன்றைத்தான் தர முடியும்” என்றார். வண்டி பிட்டுக்குள் வந்தது. பின் கண்ணாடியில் உள்ள துளை வழியாக ஒரு பையன் நீளமான ஸ்பானரை விட்டு அரைச் சுற்றுச் சுற்றினான். அவ்வளவுதான். டயர் மாறியது, பெட்ரோல் ஊற்றினார்கள், வண்டி போய்விட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அந்த இரவு முழுக்க நான் வளைவுகளை மட்டும்தான் பார்த்தேன்.

“காரைப் பார்க்காதே, சுவரைப் பார்” என்றும் பாட்டி சொன்னார். டார்லிங்டனில் வேகமான வழி மேலே, சுவரை ஒட்டி இருக்கிறது. உள்ளங்கை அகலம்கூட இடம் விடாமல் போகிறவன்தான் முன்னால் போகிறான். கொஞ்சம் பிசகினால் வலப்பக்கத் தகடு முழுக்கச் சுவரில் உரசிக் கறுப்பாகிவிடும். அந்தத் தழும்புக்கு ‘டார்லிங்டன் பட்டை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பாதி இரவில் பார்த்தேன், சுத்தமான கார் மிகக் குறைவு. வெள்ளைச் சுவர் பூராவும் கோடு கோடாகக் கிடந்தது. இரண்டு மணிவாக்கில் முடிந்தது. இருபத்து மூன்று வயது எரிக் ஜோன்ஸ் ஜெயித்தார். பாட்டி எழுந்து நின்று, பக்கத்தில் நான் இருப்பதை மறந்து, தன் கணவரிடம் ஏதோ சொன்னார்.

டயர் விஷயம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தரை உப்புத்தாள் மாதிரி. புது டயரில் ஓடிய சுற்றுக்கும் நாற்பது சுற்று தேய்ந்த டயரில் ஓடும் சுற்றுக்கும் இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். கழற்றிய டயரை உருட்டிப்போய், அதில் போட்டிருக்கும் சின்னச் சின்னத் துளைகளில் ஒரு அளவுகோலை இறக்கி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். என் அப்பா டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்குக் கட்டைவிரல்தான் அளவுகோல். லாரி டயரின் மேல் குறுக்காக விரலை ஓட்டிவிட்டு, “இந்த டிரைவர் பிரேக்கிலேயே வாழ்கிறான்” என்பார். டிரைவர் முகத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அந்த இரவில் என் மடியில் ரப்பர் வந்து விழுந்ததும் நான் முதலில் செய்தது, கட்டைவிரலை அதன்மேல் ஓட்டியதுதான். இன்னும் சூடாக இருந்தது.

அப்பாவுக்கு 1950ஆம் வருடத்துக் கதையைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. செப்டம்பர் 4, டார்லிங்டனின் இந்த லேபர் டே பந்தயம், சதர்ன் 500, முதல் முறையாக நடந்தது. 75 கார்கள். காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் என்று பெரிய பெரிய இன்ஜின்கள் முன்னால் நின்றன. 500 மைலை இந்த மாதிரிக் கார்கள் அதுவரை பந்தயத்தில் ஓடியதே இல்லை. ஓட ஓட டயர்கள் வெடித்தன. மாற்று டயர் தீர்ந்துபோய், பார்வையாளர்கள் வந்த காரிலிருந்தே கழற்றி மாட்டினார்கள் என்று இன்னும் கதை சொல்கிறார்கள். 43ஆவது இடத்தில் தொடங்கிய ஜானி மான்ட்ஸ் என்பவர் ஒரு சின்ன பிளைமவுத் காரில் லாரிக்குப் போடும் கெட்டி டயரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வேகம் மணிக்குச் சராசரி 75 மைல்தான். மற்றவர்கள் முந்திப் போனார்கள், டயர் வெடித்து நின்றார்கள், மாற்றிக்கொண்டு மறுபடி முந்தினார்கள், மறுபடி நின்றார்கள். மான்ட்ஸ் போய்க்கொண்டே இருந்தார். ஆறரை மணி நேரத்துக்கும் மேல். கடைசியில் இரண்டாவதாக வந்தவரைவிட ஒன்பது சுற்று முன்னால் இருந்தார். நாஸ்காரில் அவர் ஜெயித்தது அந்த ஒன்றுதான். என் அப்பா கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குப் பட்டறையில் வருகிற போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பார்.

மோதலைப் பார்க்கத்தான் கூட்டம் எழுந்து நிற்கிறது என்கிறீர்கள். மோதல் நடந்தால் நீங்களும் எழுந்துதான் நிற்பீர்கள், உள்ளே ஒரு உயிர் இருக்கிறதே. பாட்டி சிறுமியாக 1965 பந்தயத்துக்குப் போயிருந்தார். கேல் யார்பரோவின் கார் முதல் வளைவில் தடுப்பைத் தாண்டிப் பறந்து ட்ராக்குக்கு வெளியே போய் விழுந்தது. அவர் காயமில்லாமல் நடந்து வந்தார். அதே பந்தயத்தில் அடிபட்ட பியூரன் ஸ்கீன் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். பாட்டி இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார், ஒன்றை மட்டும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெயித்தவர் நெட் ஜாரெட். இன்ஜின் சூடேறிக் கொதித்துக்கொண்டிருந்த வண்டியைத் தட்டிக்கொடுத்துக் கொண்டுவந்து, 14 சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தார். மைல் கணக்கில் பார்த்தால் நாஸ்கார் வரலாற்றிலேயே அதுதான் பெரிய வித்தியாசம்.

‘அந்தக் கூட்டம்’ என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 2019இல் வண்டி நிறுத்துமிடத்தில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் போர்க்கொடிகளைப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வருடம் நாஸ்கார் அந்தக் கொடியைத் தடை செய்தது. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963இல் ஜாக்சன்வில்லில் ஜெயித்தபோது வெற்றியை வேறொருவருக்கு அறிவித்தார்கள். கோப்பை அவர் குடும்பத்துக்குப் போய்ச்சேர 2021 ஆனது. இதையெல்லாம் உங்கள் மகனிடம் மறைக்காமல் பேசுங்கள். பேச வேண்டுமானால் முதலில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கொடி அசைப்பது முதல் கடைசிச் சுற்று வரை.

உட்கார்ந்ததும் அவனிடம் ஒன்று கேளுங்கள்: நீ ஓட்டினால் காரை எந்த முனைக்குச் சரிசெய்வாய்? அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். பாட்டி ஒடுங்கிய முனைக்கு என்பார், நான் அகன்ற முனைக்கு என்பேன். அதைப் பேசியே கொலம்பியா வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

உங்கள் தபால் முகவரியை அனுப்புங்கள் தம்பி. அந்த ரப்பர்த் துண்டு இங்கே மேசையில் சும்மா கிடக்கிறது, அவனிடம் இருக்கட்டும். அடுத்த வருடம் ஒத்திகையைச் சனிக்கிழமை வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா