அன்றாடம் பேசுவதற்கு அரபி கற்க எங்கிருந்து தொடங்குவது? இலக்கண அரபியா, பேச்சு அரபியா?

ஆறு மாதத்தில் வேலைக்காக வளைகுடா போகிறேன், எழுத்துகூடத் தெரியாது, ஓர் இலக்கணப் புத்தகத்தைப் பத்தாம் பாடம் வரை படித்துவிட்டு நின்றுவிட்டேன், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றது உங்கள் குற்றமில்லை. நீங்கள் கேட்ட மொழியை அந்தப் புத்தகம் கற்றுத்தரவில்லை.

தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. "தாங்கள் எங்கே செல்கின்றீர்கள்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. அரபியிலும் அதே இரட்டை வழக்குதான். ஒரு மொழிக்குள் எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றும் இருப்பதைப் பற்றி மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதன்மையாக எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் அரபியும் ஒன்று. செய்தி, நூல், அரசு அறிவிப்பு, மேடை எல்லாம் ஃபுஸ்ஹா, அதாவது இலக்கண அரபி. வீடு, கடை, வேலையிடம் எல்லாம் ஆம்மிய்யா, அதாவது பேச்சு அரபி. நம்முடைய இரண்டு தமிழுக்கும் நடுவே இருப்பதைவிட அங்கே இடைவெளி பெரிது. ஆம்மிய்யாவே நாட்டுக்கு நாடு மாறுகிறது.

'எனக்கு வேண்டும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தக அரபியில் உரீது. சவூதியில் அப்கா, குவைத்தில் அபி, எகிப்தில் ஆயிஸ் (பெண் சொன்னால் ஆய்ஸா), சிரியா லெபனான் பக்கம் பித்தீ, மொராக்கோவில் ப்கீத். 'இப்போது' என்பதற்குப் புத்தகம் அல்ஆன் என்று சொல்லும். வளைகுடாவில் கேட்பது அல்ஹீன், எகிப்தில் தில்வஅத்தி, இராக்கில் ஹஸ்ஸ, மொராக்கோவில் தாபா. ஒரு நாளில் நூறு தடவை வாயில் வருகிற சொற்களே இப்படி மாறினால், பத்துப் பாடம் படித்த பிறகும் எதிரில் இருப்பவர் பேசுவது ஏன் புரியவில்லை என்பது விளங்கும்.

ஃபுஸ்ஹாவைக் குறைத்துச் சொல்வதாக அரபுக் கல்லூரியில் ஓதிய ஆலிம்கள் வருத்தப்பட வேண்டாம். குர்ஆனுக்கும் ஹதீஸுக்கும் இலக்கியத்துக்கும் அதுதான் வாசல், மாற்றுக் கிடையாது. ஆனால் "ஹாதா கிதாபுன் ஜதீதுன்" என்று உன், அன், இன் வேற்றுமை விகுதிகளோடு யாரும் கடையில் பேசுவதில்லை. "ஹாதா கிதாப் ஜதீத்", முடிந்தது. ஆரம்பப் புத்தகங்கள் அந்த விகுதிகளுக்குச் செலவழிக்கும் பாடங்கள் எல்லாம் பேச்சுக்கு வந்தவருக்கு வீண் சுமை. பேச்சு வந்த பிறகு ஃபுஸ்ஹா படிப்பது எளிது, பாதிச் சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கும்.

சரி, எந்த ஊர்ப் பேச்சு? போகிற நாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று பாருங்கள். வளைகுடாவில் உங்கள் மேலாளர் எகிப்தியராகவோ சிரியாக்காரராகவோ இருக்கலாம். வீட்டு ஓட்டுநர் வேலை என்றால் கூட இருப்பது உள்ளூர்க் குடும்பம். அப்போது வளைகுடாப் பேச்சேதான் வேண்டும். யாரோடு என்று தெரியாவிட்டால் எகிப்துப் பேச்சை எடுக்கலாம். பத்துக் கோடிக்கு மேல் பேசுகிறார்கள், அவர்களுடைய சினிமாவாலும் தொடர்களாலும் மற்ற நாட்டவருக்கும் அது பழக்கம். எதை எடுத்தாலும் முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றே ஒன்று.

அடுத்தது எழுத்து. தமிழ் எழுத்தில் எழுதி வைத்து அரபி படிக்காதீர்கள். இங்கே நான் வேறு வழியில்லாமல்தான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். ஏன் கூடாது என்று பாருங்கள்: மார்க்கம் என்பதற்கு அரபியில் ஒரு சொல், அத்திப்பழத்துக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று. மூன்றையும் தமிழில் எழுதினால் மூன்றும் 'தீன்'தான். அரபியில் முதலாவதற்குத் தால், இரண்டாவதற்குத் தா, மூன்றாவதற்குக் கனத்த தா. இதயமும் நாயும் தமிழில் இரண்டுமே 'கல்ப்'. வாளும் கோடைகாலமும் இரண்டுமே 'ஸைஃப்'.

28 எழுத்து. ஒரே உருவத்துக்குப் புள்ளியை மாற்றினால் வேறு எழுத்து (பா, தா, ஸா மூன்றும் அப்படி), அதனால் உருவங்கள் இன்னும் குறைவு. ஆறு எழுத்துகள் மட்டும் இடப்பக்கம் ஒட்டாது. தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் பலகை படிக்கலாம். குறில் உயிர்களை அச்சில் போடமாட்டார்கள் என்பதுதான் பிறகு வருகிற தொல்லை. சொல் தெரிந்தால்தான் சரியாகப் படிக்க முடியும். ஆகவே புதுச் சொல்லை முதலில் காதால் வாங்குங்கள், பிறகு எழுத்தைப் பாருங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு வாரமும் மிச்சம். தஜ்வீதோடு, அதாவது ஓதும் உச்சரிப்பு விதிகளோடு, ஓதியவர்களுக்கு ஒலியும் பாதி கைவந்த மாதிரி.

ஒலியில் நமக்கு ஒரு நன்மை உண்டு, ஒரு பொறி உண்டு. நன்மை: நம் 'த' பல்லில் பிறக்கிறது, அரபித் தா-வும் அப்படியே. இரட்டிப்பும் நமக்குப் பழக்கம். 'பாடு', 'பாட்டு' வித்தியாசம் தெரிந்தவருக்கு ஹமாம் என்றால் புறா, ஹம்மாம் என்றால் குளியலறை என்பது சிரமமில்லை. பொறி: 'கனத்த தா' என்று கேட்டதும் நம் ஆட்கள் 'ட' போட்டுவிடுகிறார்கள். ட-வுக்கு நாக்கு மடங்கும். அரபியில் நாக்கை மடக்கும் ஒலியே இல்லை. நுனியை 'த' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, பின்நாக்கை மட்டும் தொண்டைப் பக்கம் இழுங்கள். சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? மெய்யைக் கவனிக்காதீர்கள், அடுத்து வரும் உயிரைக் கேளுங்கள். மெல்லிய தா-வுக்குப் பின் 'ஆ' தெளிவாக இருக்கும். கனத்த தா-வுக்குப் பின் 'ஆ' இருண்டு 'ஓ' பக்கம் சாயும். ஸாத், ளாத் எழுத்துகளுக்கும் இதே சோதனைதான்.

தொண்டை ஹா-வுக்கு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வாயால் ஆவி பிடிப்பீர்களே, அந்த மூச்சு. அந்த இடத்திலேயே குரலைச் சேர்த்தால் அய்ன். அய்னை 'அ' ஆக்கிவிட்டால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தொண்டை ஹா-வைச் சாதாரண ஹ ஆக்கினால் அடிக்கடி திரும்பக் கேட்பார்கள். காஃபுக்கு (இதயம் என்ற 'கல்ப்'பின் முதல் எழுத்து) ரொம்பக் கவலைப்பட வேண்டாம்: வளைகுடாப் பேச்சில் அது பெரும்பாலும் 'அங்கே' என்பதில் வரும் க-வாக ஒலிக்கிறது, கெய்ரோவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதோடு சரி. குவைத் முதலிய கரையோர ஊர்களில் ஜீம் பல சொற்களில் ய ஆகிவிடும். கோழி, தஜாஜ், அங்கே தியாய். பெண்ணிடம் பேசும்போது முடிவில் 'ச்' வரும்: 'எப்படி இருக்கிறாய்' என்பது ஆணுக்கு ஷ்லோனக், பெண்ணுக்கு ஷ்லோனிச். ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பழகாதவர் இந்த மூன்றிலும் தடுக்கி விழுகிறார்.

இனி வினைச்சொல். தெருப் பேச்சு பழகியவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வேலையிடத்தில் ஒரு வெட்டு அரபி புழங்குகிறது: "அனா ரூஹ், இந்த ரூஹ், ஹுவ்வ ரூஹ்". ரூஹ் என்பது ஏவல், 'போ'. அதாவது "நான் போ, நீ போ, அவன் போ". காரியம் நடக்கும். ஆனால் போனானா, போகிறானா, போகச் சொல்கிறாரா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது, கேட்டுப் புரியவும் முடியாது. அதைவிடக் கெடுதல், நீங்கள் அப்படிப் பேசினால் அரபிக்காரரும் உங்களோடு அதே மொழியில்தான் பேசுவார். பத்து வருஷம் இருந்தாலும் சரியான அரபி உங்கள் காதில் விழாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த வெட்டு அரபியைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நடுவே, ஐந்தாறு நாட்டு மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அவர்களே உண்டாக்கிய மொழி அது. அதிலேயே நின்றுவிடாதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்கிறேன், அதைப் பேசுகிறவர்களை ஏளனம் செய்யுங்கள் என்றல்ல.

வளைகுடாப் பேச்சில் அந்த ஒரே வினையைச் சரியாகப் பாருங்கள். அரூஹ் போகிறேன், திரூஹ் போகிறாய், பெண்ணிடம் திரூஹீன், யிரூஹ் போகிறான், நிரூஹ் போகிறோம், யிரூஹூன் போகிறார்கள். தமிழில் ஏன், ஆய், ஆன் என்று வாலில் வருவது அங்கே அ, தி, யி, நி என்று தலையில் வருகிறது. இறந்தகாலத்தில் மட்டும் வாலுக்குப் போய்விடும்: ரிஹ்த் போனேன், ராஹ் போனான், ராஹத் போனாள், ரிஹ்னா போனோம், ராஹவ் போனார்கள். 'போனேன்' என்றாலே 'நான்' அடங்கிவிடுவது போல, அங்கேயும் அனா, இந்த என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலிருந்து வருகிறவர் தடுமாறும் இடம் 'போக வேண்டும்', 'போகலாம்' போன்றவை. நமக்குப் 'போக' என்று மாறாத ஒரு வடிவம் இருக்கிறது, அரபிப் பேச்சில் இல்லை. அப்கா அரூஹ் (போக விரும்புகிறேன்), லாஸிம் அரூஹ் (நான் போக வேண்டும்), மும்கின் அரூஹ் (நான் போகலாம்) என்று இரண்டாவது வினையும் ஆளுக்கேற்ப மாறும். அவன் போக வேண்டும் என்றால் லாஸிம் யிரூஹ். எதிர்மறைக்கு வினையின் முன் மா, ஏவலுக்கு மட்டும் லா: மா அரூஹ், லா திரூஹ். பெயருக்கும் பண்புக்கும் மூ: மூ ஸைன், நன்றாக இல்லை. 'வருகிறான்' யிஜி, ஆனால் 'வா' என்பதற்கு வேறு சொல்லே வேண்டும், தஆல்.

போ, வா, எடு, கொடு, பார், சொல், தெரி, சாப்பிடு, குடி, உட்கார், திற, மூடு, கொண்டுவா, அனுப்பு, காத்திரு, பணம் கட்டு, கேள், முடி, வேலைசெய், நிறுத்து. இந்த இருபதையும் இப்படிச் சுற்றிச் சுற்றிச் சொல்லப் பழகினால் போதும். வாரத்துக்கு இரண்டு வினை, பத்து வாரம். தனி வடிவமாக ஒப்பிக்காமல் சிறு வாக்கியமாகவே சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேச்சு இருக்கட்டும், இணையத்தில் ஆள் கிடைப்பார்கள். மற்ற நாட்களில் அதே ஊர்ப்பேச்சில் இருபது விநாடிப் பேச்சொன்றை எடுத்து, பத்துத் தடவை கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள். மணிக்கணக்கில் தொடர் பார்ப்பதைவிட இது காதைத் திறக்கும்.

நமக்கு இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. 'நான் டிரைவர்' என்பதில் 'இருக்கிறேன்' வராதது போல, அனா ஸாயிக், போதும். 'என்னிடம் காசு இருக்கு' என்பது இந்தீ ஃபுலூஸ். நமக்கும் அரபிக்கும் 'வைத்திருத்தல்' என்று தனி வினை தேவையில்லை.

எண்ணைத் தனியாக ஒரு வாரம் பழகுங்கள். இருபத்தைந்து என்பதை அரபியில் ஐந்தும் இருபதும் என்பார்கள்: கம்ஸா வ இஷ்ரீன். 125 என்றால் நூறு, ஐந்து, இருபது. கேட்ட வரிசையில் எழுதினால் 152 ஆகிவிடும். 70 ஸப்ஈன், 90 திஸ்ஈன். வேகமான பேச்சில் இரண்டும் குழம்பும், காசு கொடுக்கும்போது திரும்பச் சொல்லிக் கேளுங்கள். இருநூறு, இரண்டாயிரத்துக்கு 'இரண்டு' என்ற சொல்லே வராது: மீத்தேன், அல்ஃபேன். மணி சொல்வதும் இப்படியே. நாலே முக்கால் என்பது ஐந்துக்குக் கால் குறைவு, கம்ஸா இல்லா ருப்உ. 5:25 ஐந்தரைக்கு ஐந்து குறைவு, 5:35 ஐந்தரையும் ஐந்தும். 20 நிமிடத்துக்கு 'மூன்றில் ஒரு பங்கு' என்று ஒரு சொல், துல்து.

வாட்ஸ்அப்பில் ரோமன் எழுத்துக்கு நடுவே 3, 7 என்று எண் வந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். 3 அய்ன், 7 தொண்டை ஹா, 2 ஹம்ஸா (தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலி), 5 கா ('கம்ஸா'வின் முதல் ஒலி).

இன்னொரு வருத்தம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். தமிழில் வருகிற 'முப்பது நாளில் அரபி' வகைப் புத்தகங்கள் சிலவற்றில் 'எப்படி இருக்கிறாய்' என்பதற்கு ஒரே பக்கத்தில் கைஃப ஹாலுக, இஸ்ஸய்யக், ஷ்லோனக் மூன்றும் வரும். முதலாவது புத்தக அரபி, இரண்டாவது எகிப்து, மூன்றாவது வளைகுடா. எது எந்த ஊர் என்று ஒரு சொல் இராது. காசு கொடுத்து வாங்கியவர் மூன்றையும் கலந்து பேசுவார், பிறகு தனக்கு மொழி வராது என்று நினைத்துக்கொள்வார். வாங்குமுன் 'வேண்டும்', 'இப்போது' இரண்டுக்கும் என்ன போட்டிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.

ஆறு மாதத்தில் எவ்வளவு வரும்? அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அரபிக்கு 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது அலுவல்முறைத் தேர்ச்சிக்கு, நீங்கள் பயப்பட வேண்டாம். கடை, டாக்ஸி, வேலைக் கட்டளை, நலம் விசாரிப்பு, சாக்குச் சொல்வது, இவ்வளவும் ஆறு மாதத்தில் வரும். தொலைபேசியில் பேசுவதும், நாலு பேர் தங்களுக்குள் பேசுவதைப் பிடிப்பதும் வராது, அதற்கு இன்னும் நாளாகும்.

போகுமுன் பதில் வாக்கியங்களைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். அரபியில் பல வாழ்த்துக்கு நிர்ணயமான மறுமொழி உண்டு, மௌனமாக இருந்தால் முறைத்துக்கொண்ட மாதிரி. ஸபாஹ் அல்கைர் (காலை வணக்கம்) என்றால் ஸபாஹ் அந்நூர். வேலை செய்துகொண்டிருக்கும்போது யஅதீக் அல்ஆஃபியா என்பார்கள், அல்லாஹ் யிஆஃபீக் என்று சொல்லுங்கள். விடைபெறும்போது மஅஸ்ஸலாமா என்றால் அல்லாஹ் யிஸல்லிமக், பெண்ணிடம் யிஸல்லிமிச். புரியாதபோது தலையாட்டாதீர்கள். "மா ஃபஹிம்த், ஷ்வய் ஷ்வய்", புரியவில்லை, மெதுவாக. "ஏஷ் மஅனா" (என்ன அர்த்தம்) என்று கேட்டு, புரியாத அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். சொல்லித்தருவார்கள்.