வெயிலில் கெட்ட மருந்தா?

அன்புள்ள ஐயா,

என் பேத்திக்கு ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் பேதியைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து போட்டோம். இரண்டே வாரத்தில் பேதி பிடித்து, ராமநாதபுரம் தூக்கிப் போய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்கே பிள்ளைகளுக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கிறது என்கிறான். எங்கள் ஊர் வெயிலில் மருந்து கெட்டுவிடுகிறதா? இல்லை, நமக்கு மட்டும் தரம் குறைந்ததா? மூன்றாவது தவணையே வேண்டாம் என்கிறார் சம்பந்தியம்மா.

ரஹீமா, கீழக்கரை

அன்புள்ள ரஹீமா அம்மா,

பேத்திக்கு வந்தது ரோட்டா வைரஸ்தானா என்று அநேகமாக யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பேதிக்கு வேறு கிருமிகளும் உண்டு. அவற்றை இந்த மருந்து தடுக்காது.

வெயிலைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைச் செவிலியர் தொடமாட்டார். அடுத்த முறை கேளுங்கள், காட்டுவார்.

தரம் பற்றிய பயத்துக்கு 2010-இல் வெளியான ஓர் ஆய்வே பதில். ஒரே நிறுவனத்தின் ஒரே மருந்து, கடுமையான ரோட்டா பேதியைத் தென்னாப்பிரிக்காவில் 77 சதவீதம் தடுத்தது. இன்னோர் ஆப்பிரிக்க நாடான மலாவியில் 49 சதவீதம்தான். ஐரோப்பாவில் அதே மருந்து 90-ஐத் தாண்டியிருந்தது. மருந்து மாறவில்லை, அது போய்ச் சேர்ந்த குடல்தான் வேறு.

ஊசி மருந்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. சொட்டு மருந்தில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். குடலில் பெருகினால்தான் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும். தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நம் கரையில், தாய்மார்கள் இக்கிருமிகளை வாழ்நாளில் பலமுறை எதிர்கொண்டிருப்பார்கள். அவர்களின் எதிர்ப்பொருள்கள் கருவிலேயே பிள்ளைக்கு வந்துவிடுகின்றன, பாலிலும் வருகின்றன. பிள்ளையைக் காக்க வந்தவை மருந்து வைரஸையும் சேர்த்து அடக்கிவிடுகின்றன. ஒரே நாளில் கொடுக்கும் போலியோ சொட்டும் ரோட்டாவின் முதல் தவணையைக் கொஞ்சம் அமுக்குகிறது. குடலில் ஏற்கெனவே குடியேறிய வேறு வைரஸ்களும் இடைஞ்சல்தான்.

இதைக் கேட்டதும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் அறிவாளிகள் கிளம்பிவிடுவார்கள். மருந்து கொடுக்கும் வேளையில் பாலைத் தள்ளிப்போட்டு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதித்தாயிற்று, பலனில்லை. வீட்டுச் சுத்தத்தைக் காட்டித் தாயைத் திட்டுவதும் அதே ரகம். குடலில் சேரும் பாக்டீரியாதான் காரணம் என்றால், அதைக் குறைத்தால் மருந்தின் பலன் கூட வேண்டும். வேலூரில் போலியோ சொட்டுக்கு முன் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்துப் பார்த்தார்கள். பாக்டீரியா குறைந்தது, மருந்தின் பலன் கூடவில்லை.

வேலூருக்கு இதில் பழைய உரிமை உண்டு. மூன்று தவணை போலியோ சொட்டு நம் பிள்ளைகளுக்குப் போதாது என்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே சொன்னார். பிற்பாடு கணக்கிட்டபோது, உத்தரப்பிரதேசத்தில் ஒரு தவணையின் பலன் 9 சதவீதம், நாட்டின் மற்ற பகுதிகளில் 21. போலியோவின் மூன்று வகை வைரஸ்களும் ஒரே சொட்டில் குடலுக்குள் போட்டியிட்டதும் ஒரு காரணம். எனவே ஒரே வகை மட்டும் உள்ள மருந்தைக் கொண்டுவந்தார்கள், திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட நோயாளியோடு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ நின்றது. 9 சதவீத மருந்து என்று தூக்கிப் போட்டிருந்தால்?

சம்பந்தியம்மாவிடம் மலாவிக் கணக்கின் மறுபாதியையும் சொல்லுங்கள். மருந்து பெற்ற 100 குழந்தைகளுக்கு ஆண்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் 4.2 கடும் பேதிகள் தடுக்கப்பட்டன, மலாவியில் 6.7. நோய் அதிகமுள்ள இடத்தில் பாதிப் பலனே அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

ஆகவே பேத்தி தேறிவிட்டாள் என்றால் 14-ஆம் வாரத் தவணையைப் போட்டுவிடுங்கள். மருத்துவர் துத்தநாக மாத்திரை எழுதியிருந்தால், 14 நாளும் கொடுத்து முடித்தார்களா என்றும் பாருங்கள். பேதி நின்றதும் பல வீடுகளில் அதை மறந்துவிடுகிறார்கள்.