பாட்டனார் பெட்டியில் கையெழுத்து கிதாபுகள்

கேள்வி: பாட்டனார் விட்டுச்சென்ற பெட்டியில் கையால் எழுதிய அரபு கிதாபுகள் (நூல்கள்) நாலைந்து இருக்கின்றன. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் இவற்றில் ஒரு வரிகூட ஓடவில்லை. மதரஸாவில் வருடக்கணக்கில் ஓதினால்தான் முடியுமா? தம்பி லேமினேஷன் செய்துவிடலாம் என்கிறான்.
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள் சகோதரி. லேமினேஷன் செய்த பழைய தாளைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், செல்போனில் படமெடுங்கள். போதும்.

குர்ஆனில் ஜேர், ஜபர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள் எல்லாம் போட்டிருக்கும். கிதாபில் பெரும்பாலும் இருக்காது. அவசரக்கார எழுத்தர் புள்ளியையும் விட்டுவிடுவார். அப்போது சொல்லின் நடுவில் வரும் பே, தே, நூன், யே எல்லாம் ஒரே பல்லாகத்தான் தெரியும். எது எந்த எழுத்து என்று மொழி தெரிந்தால்தான் பிடிபடும். ஆகவே நஹ்வு, ஸர்ஃபு எனும் அரபு இலக்கணத்தின் அடிப்படை வேண்டும். அதில் குறுக்குவழி இல்லை. ஆனால் முழு ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்பை முடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதில்லை.

அது அரபுதானா என்றும் பாருங்கள். நம் பகுதியில் பார்சி (பாரசீகம்), உருது கிதாபுகளும் உண்டு. ஜேர் ஜபரோடு பழக்கமில்லாத புள்ளி வைத்த எழுத்துகளும் வந்தால் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அரபுத்தமிழாக, அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு யோகம்தான்!

அரபு என்றால் கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள். வரிகள் முக்கோணமாகக் குறுகி முடியும் இடத்தில் பல சமயம் பிரதியெடுத்து எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி வருடமும் இருக்கும். 1300 என்றிருந்தால் 1882-83. பிறகு முதல் பக்கத்தில் 'அம்மா பஃது' ('இனி விஷயத்துக்கு வருவோம்' என்பது போன்ற அரபுத் தொடர்) என்ற சொல்லைத் தேடுங்கள். ஆசிரியர் பெயரும் கிதாபின் பெயரும் பெரும்பாலும் அதையடுத்து வரும். பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மதரஸாவில் ஓதும் பாடநூலாக இருந்தால் அச்சுப் பிரதி கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்த எழுத்தரின் கை பழகும்வரைதான் கஷ்டம்.

வலப்பக்கத் தாளின் அடியில் ஓரமாக ஒற்றைச் சொல் இருந்தால் அது அடுத்த பக்கத்தின் முதல் சொல். தாள் மாறியிருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஓரத்தில் எழுதி 'ஸஹ்ஹ' (சரி) என்று முடித்திருந்தால் விட்டுப்போன வரியைச் சேர்த்திருக்கிறார். 'யா கபீகஜ்' என்று எங்காவது கண்டால் குழம்ப வேண்டாம், பூச்சி அரிக்காமலிருக்க எழுதி வைப்பது. (பூச்சிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.)

வேலூர் பாக்கியாத் மதரஸாவிலோ உமராபாத் மதரஸாவிலோ ஓதிய ஹஜ்ரத் (ஆலிம்) யாராவது உங்கள் ஊரில் இருப்பார். அவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் படத்தை மட்டும் காட்டுங்கள்.