நாகர்கோவிலில் ஒரு வீட்டு ஹாலில், 20 பேருக்கு, ஜாஸ் கிளப் மாதிரி இசையும் இரவுச் சாப்பாடும் நடத்துவது எப்படி?

தாராளமாக நடத்தலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: சாப்பிட்டு இலை எடுத்த பிறகுதான் இசை தொடங்க வேண்டும். நியூயார்க்கில் 1935-இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்ட், தரைக்குக் கீழே இருக்கும் சின்ன கிளப். அங்கே 1961 ஜூன் 25 அன்று ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த பதிவைக் கேளுங்கள். கண்ணாடிக் கோப்பை உரசுவதும் ஆட்கள் முணுமுணுப்பதும் காதில் விழும். நெருக்கமான அறையில் ஒரு கரண்டிச் சத்தம் அவ்வளவு தூரம் போகும்.

20 அடிக்கு 15 அடி ஹால் போதும். நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். 'ணங்' என்று இழுத்தால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் வேலையைக் கெடுக்கும். தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, டிரம்ஸுக்குப் பின்னால் கனமான போர்வை இரண்டு தொங்கவிடுங்கள். டிரம்மர், குச்சிக்குப் பதிலாக மெல்ல வாசிக்க உதவும் கம்பி பிரஷ் கொண்டுவர வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள். குச்சியோடு மட்டும் வந்தால் கீபோர்டு கேட்காது. கீபோர்டுகாரர் வால்யூமைக் கூட்டுவார், பேஸ் கிட்டார்காரரும் கூட்டுவார், பத்தே நிமிடத்தில் ஹால் கல்யாண மண்டபமாகிவிடும். பேஸ் கிட்டாரின் ஆம்பை (ஒலியைப் பெருக்கும் பெட்டி) மூலையில் வைத்தால் கீழ் ஒலி ஊதிப் பெருகும். சுவரை விட்டு இரண்டடி தள்ளி ஒரு ஸ்டூலில் ஏற்றுங்கள். எல்லா ஆம்பும் கீபோர்டும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற உறுமல் வர வாய்ப்பு அதிகம். சைன் வேவ் இல்லாத பழைய இன்வெர்ட்டரும் அதே உறுமலைத் தரும்.

கிறிஸ்தவ ஆலயப் பாடகர் குழுக்களில் வாசிப்பவர்களை அழைத்தால், கீபோர்டில் தானாகத் தாளம் போடும் ஆட்டோ ரிதத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். பேஸ் கிட்டார் இருக்கும்போது கீபோர்டுகாரரின் இடது கை கீழ் சுரங்களை வாசிக்கக் கூடாது. இரண்டும் மோதிக் குழம்பும். ஆல்டோ சாக்ஸபோன் சேர்ந்தால் கீபோர்டில் எஃப் என்ற சுரம், சாக்ஸபோன்காரருக்கு டி. இதை ஒத்திகையிலேயே பேசிவிடுங்கள். 12 பார் ப்ளூஸ் (12 தாளச் சுற்றுகள் திரும்பத் திரும்ப வரும் பாட்டு) இரண்டு, மெதுவான பாட்டு இரண்டு, வேகமானவை மூன்று இருந்தால் இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு செட்டுக்கும் தாங்கும்.

சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும்தான் என் தேர்வு. தோலோடு 5 கிலோ கிழங்கு, சுத்தம் செய்த நெய்மீன் துண்டு 3 கிலோ. சாளை வேண்டாம், மங்கிய வெளிச்சத்தில் முள் எடுக்க முடியாது. வாழையிலையில் பரிமாறுங்கள், எவர்சில்வர் தட்டின் கணகணப்பு இருக்காது. பப்படமும் நேந்திரங்காய் சிப்ஸும் சாப்பாட்டோடு முடிந்துவிட வேண்டும். கடைசியில் ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம். கலைஞர்களுக்கு 5:30-க்கே சாப்பாடு போட்டுவிடுங்கள், விருந்தினருக்கு 6:45-க்கு. 8 மணிக்கு முதல் செட், 45 நிமிடம். இடைவேளை 20 நிமிடம், சுக்குக் காப்பி. அதை முன்பே காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். மெதுவான பாட்டின் நடுவே குக்கர் விசில் அடித்தால் அந்தப் பாட்டு அத்தோடு போயிற்று. இரண்டாவது செட் 9:45-க்கு முடியட்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மொட்டை மாடியை நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனி, ஆடிக் காற்றில் மைக் படபடப்பது இன்னொன்று.

வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்: ஒவ்வொருவர் சோலோ (தனி வாசிப்பு) முடிந்ததும், பாட்டின் நடுவிலேயே கைதட்டலாம். பேஸ் சோலோவின்போது மற்றவர்கள் அடங்கி வாசிப்பதால், இடைவேளை என்று நினைத்துப் பலரும் பேச ஆரம்பிப்பார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள் செய்யும் அதே தவறு அது. அந்த இரண்டு நிமிடம்தான் பேஸ்காரர் விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும்.