வேலைக்குப் போய்க்கொண்டே மலை சைக்கிள் நெடும்பந்தயத்துக்குத் தயாராக முடியுமா? பக்கத்தில் மலை இல்லாதவர்கள் எங்கே பழகுவது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: முடியும். நான் தென்னை நார் மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டும், ஞாயிறு மட்டும் லீவு. பந்தயத்தில் ஜெயிப்பதற்கு இல்லை, கொடுத்த நேரத்துக்குள் முடிப்பதற்குத் தயாராகிறேன். அதற்கு இந்த நேரமே போதும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என் பதில் கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். எனக்கு ஊர் பொள்ளாச்சி. மொட்டை மாடியில் நின்றால் ஆனைமலை முழுசாகத் தெரியும். அப்படியிருந்தும் நான் ஓட்டுவதில் பெரும்பங்கு சமவெளியில்தான். ஏறுவதற்கான கால்பலத்தைச் சமவெளியிலேயே சம்பாதித்துவிடலாம். இறங்குவதைப் பழகத்தான் மலைக்குப் போக வேண்டும். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஞாயிறானால் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலையடிவாரம் போய், மூச்சு வாங்க ஏறி, மேலே போட்டோ எடுத்து, இறங்கும்போது பிரேக்கை இறுகப் பிடித்தபடியே வந்து சேர்கிறார்கள்.

மலை கண்ணுக்குத் தெரிகிறதே, உள்ளே ஒரு மண்பாதை பிடித்துப் போய்விடலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். போக முடியாது. இங்கே இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. அந்தக் கெடுபிடியில் எனக்கு வருத்தம் இல்லை. வளைவு திரும்பினால் எதிரே யானை நிற்கிற இடத்தில், சத்தமே இல்லாமல் வேகமாக இறங்கி வருகிற சைக்கிளைவிட ஆபத்தான வண்டி வேறு கிடையாது. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்குப் போகிற காண்டூர் கால்வாயை வரைபடத்தில் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். மலைச்சரிவை ஒட்டி, மட்டம் பிசகாமல் போகிற பாதை. அதுவும் காட்டுக்குள்தான், ஆசையோடு சரி.

ஆகவே இட்டேரி. கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இரண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்தில் மண்தடம். வேலியில் கிளுவை, கள்ளி, அதன்மேல் படர்ந்த கோவைக்கொடி. பல இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன, சிலவற்றை இருபக்கத் தோட்டக்காரர்களும் சேர்ந்து விழுங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவற்றை பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் கரைகளோடு கோத்தால், தார் ரோட்டைக் குறுக்கே கடப்பதைத் தவிர வேறெதற்கும் தொடாமல் அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றி வரலாம். வண்டித்தடத்தின் இரண்டு குழிக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மேடு இருக்கும். அந்த மேட்டிலேயே சக்கரத்தை வைத்து ஓட்டுவது நல்ல பயிற்சி. கொஞ்சம் அசந்தால் முன்சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும், பின்சக்கரம் வர மறுக்கும்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு வசதி நார்த்தூள். மில்களைச் சுற்றி மலைமலையாகக் கொட்டிக் கிடக்கும், லாரியிலிருந்து சிந்திப் பக்கத்துப் பாதைகளிலும் படிந்திருக்கும். காய்ந்த நார்த்தூளில் சைக்கிள் ஓட்டுவது ஆற்று மணலில் ஓட்டுவதற்குச் சமம். ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கைகளைத் தளர்த்தி, கால் நிற்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி தானே வழி பார்த்துக்கொள்ளும். மணலோ சேறோ சரளையோ, எதில் மாட்டினாலும் இதே பாடம்தான். ஒருமுறை அங்கே தூளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வேலியோரமாக வந்து, "ஏனுங் தம்பி, பெட்ரோல் வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, இது பழக்கத்துக்குங்க என்றேன். "இந்த மாதர வண்டி என்ன வெல வருமுங்க?" நூறு சிசி பைக் விலை என்று சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

சரி, ஏற்றத்துக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே குடியிருக்கிறவர்கள் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற அந்தப் பெரிய இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் அதனால்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக மேற்கே ஓட்டிப் பாருங்கள். தட்டையான ரோடுதான், ஆனால் ஏற்றத்துக்குப் போடுகிற கியரில் போய்க்கொண்டிருப்பீர்கள். காற்றே வீசாத நாளில்கூட, அதைக் கிழித்துப் போகிற வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். எதிர்காற்றில் அந்தக் கணக்கு உங்களைத் தேடி வந்துவிடும். மலையிலாவது நடுவில் ஒரு இறக்கமோ சமமோ வந்து கால் ஆறும். எதிர்காற்றில் மிதிப்பதை நிறுத்தினால் பத்தடியில் வண்டி நின்றுவிடும். முழு ஒரு மணி நேரம் கால் ஓயாமல் மிதிக்க வைக்கிற ஏற்றம் நம் பக்கம் எத்தனை இருக்கிறது? இந்தக் காற்று தினமும் இலவசம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வைத்துக்கொள்வது மட்டும் முக்கியம். மாற்றி வைத்தால் வேலைக்கு லேட்டாகும்.

செங்குத்தான சரளை ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், பின்சக்கரம் வழுக்கும். அதைக் காற்று சொல்லித்தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நுணுக்கம் ஒரு வாய்க்கால் கரைச் சரிவிலேயே கைவந்துவிடும்.

இறக்கம் அப்படியில்லை. நான் வால்பாறை ரோட்டுக்குப் போவதே இறங்குவதற்காகத்தான். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் இருக்கிற காட்சிமுனையில் பெரும்பாலும் வரையாடுகள் நிற்கும். கைப்பிடிச் சுவர்மேல் சாவகாசமாக நின்று, வேர்த்து விறுவிறுத்து வருகிற நம்மை மேலும் கீழும் பார்க்கும். தார் ரோடுதான், ஆனால் நீண்ட இறக்கம் உடம்பை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள அது போதும். முதலில் போவது கால் அல்ல, கை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்கை விறைத்து, கடைசி வளைவுகளில் விரல் மடங்காது. ஒரே விரலால் பிரேக் பிடிக்கப் பழகுங்கள், மற்ற விரல்கள் ஹேண்டில்பாருக்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். நேரான இடத்தில் பிரேக்கை முழுசாக விட்டுவிட்டால் டிஸ்க்குக்கு ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். லேசாகப் பிடித்தபடியே இறங்குகிறவர்களுக்குத்தான் கருகல் வாடை வரும். ஒன்று: செக்போஸ்ட்டில் யானை நடமாட்டம் பற்றிக் கேட்டுவிட்டுப் போங்கள், பிற்பகலிலேயே கீழே வந்துவிடுங்கள்.

கரடுமுரடான மண் இறக்கத்துக்கு எஸ்டேட் பாதைகள் அருமை. அவை தனியார் நிலம். தெரிந்தவர் மூலம் மேனேஜரிடம் கேட்டால் சில சமயம் விடுவார்கள். மழைக்காலத்தில் கேட்காதீர்கள். அந்தச் சேறும் மணலும் சேர்ந்து ஒரே நாளில் பிரேக் பேடை அரைத்துத் தின்றுவிடும்.

வாரக் கணக்கு இதுதான்: வார நாட்களில் விடிவதற்கு முன் கிளம்பி ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் ஆள் வந்தால் பேசிக்கொண்டே போகலாம் என்கிற வேகத்தில். அதில் ஏதாவது ஒரு நாள் மட்டும் காற்றோடு முழு மூச்சில். ஞாயிறு நீண்ட ஓட்டம். பல நாள் பந்தயத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் மாதத்தில் ஒரு தடவையாவது சனிக்கிழமை ஓட்டி, அதே வலியோடு ஞாயிறும் ஓட்ட வேண்டும். அந்த மாதிரிப் பந்தயத்தில் முதல் நாள் எல்லோரும் வீரர்கள்தான். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்கார்ந்ததும்தான் யார் யார் என்று தெரியும். உட்காருகிற இடத்தில் தோல் உரியாமல் இருக்க வெளிநாட்டுக் க்ரீம் விற்கிறார்கள். பொள்ளாச்சிக்காரனாக இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சாப்பாட்டில் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பது இருபத்தைந்து கிராம் சுமார். பசிக்கும்போது சாப்பிடலாம் என்று இருந்தால் அதற்குள் கால் செத்துவிடும். எனக்கு நேந்திரம்பழமும் கடலை மிட்டாயும். வழியெல்லாம் இளநீர் கிடைக்கிற ஊர் இது, ஆனால் இளநீரை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் பொட்டலத்தைப் பையில் வைத்து இளநீரில் போட்டுக் குடிக்கிறேன். இளநீர்க்காரருக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இட்டேரிக்குக் கூப்பிட்டது பாவமாகிவிடும். சீமைக்கருவேல முள்ளாவது கண்ணுக்குத் தெரியும். நெருஞ்சி தரையோடு தரையாகக் கிடக்கும், டயரில் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு வரும். டியூப் போட்டு ஓட்டினால் பஞ்சர் ஒட்டவே பொழுது சரியாகிவிடும். டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் பாலும் போட்டுவிடுங்கள். முள் குத்தினால் பால் கசிந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும், முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நம் வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டயரைத் திறந்து பாருங்கள். புதிதாக வாங்குகிறவர் என்றால் பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டெயிலே நம் பக்கத்துக்கு ஏராளம். மிச்சப் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள்.

பந்தயம் என்று பார்த்தால், தொடங்க பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் நல்லது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300 கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், யாரோடும் போட்டி இல்லை. ரோடு சைக்கிள்தான் வேண்டும் என்பதும் இல்லை. 200-ஐ நான் மலை சைக்கிளிலேயே முடித்தேன். முரட்டு டயர் ரோட்டில் ரீங்காரம் போட்டுக்கொண்டே வரும், காது பழகிவிடும். அடுத்தது 300.

அதற்குமேல் கண் இமயமலை மேல். சிம்லாவை மையமாக வைத்து 2005-இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயாதான் நம் நாட்டில் இந்த வகைப் பந்தயத்துக்குப் பாதை போட்டது. உயரத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். பார்த்தால் ஊட்டியும் சிம்லாவும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டும் 2200 மீட்டர் சுமார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி ஊட்டியில் இரண்டு நாள் தங்கி ஓட்டினால் ஒத்திகை ஆயிற்று. நேபாளத்தின் யாக் அட்டாக் வேறு ரகம். 5416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்ட வேண்டும், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர். அதற்கு இங்கிருந்து ஒத்திகை பார்க்க வழியே இல்லை, முன்கூட்டியே போய் அங்கே கிடக்க வேண்டும். மில் முதலாளி அத்தனை நாள் லீவு தரமாட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவின் லெட்வில். கொலராடோவில் ஒரு சுரங்க ஊர். 1980-களின் தொடக்கத்தில் சுரங்கம் மூடி ஊரே வேலை இழந்தபோது, ஆட்களை வரவைக்க 100 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றை 1983-இல் தொடங்கினார்கள். 1994-இல் சைக்கிளும் சேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட் பக்கிள், ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்தால் இன்னும் பெரிய பக்கிள். வேலைக்குப் போகிறவர்கள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக்கையும் சிலர் கேட்டிருந்தீர்கள். எட்டு நாள், இரண்டு பேர் ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும், ஜோடிக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. பணத்தைக்கூடச் சேர்த்துவிடலாம், ஜோடிக்கு எங்கே போவது? மில்லில் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். லோடு ஏற்றுகிற அண்ணன் ஒருவர் மட்டும் எட்டு நாளும் சாப்பாடு அவங்க செலவுதானுங்களா என்று விசாரித்திருக்கிறார்.