பாம்பன் பக்கம் கடல் தொழில் செய்து, ஊர்த் தலைவராகவும் இருந்த எங்கள் ஐயாவின் (தாத்தா) வாழ்க்கையை முதலாண்டு நினைவு நாளுக்குள் சிறு புத்தகமாக்குவது எப்படி?

வீட்டு அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள். போட்டோவும் ரேஷன் கார்டும் எங்கும் போய்விடாது. ஐயாவோடு ஒரே வல்லத்தில் (பாய்மரப் படகு) போனவர்களுக்கு வயதாகிவிட்டது, முதலில் அவர்களைப் பாருங்கள். அவரிடம் தொழில் பழகி இப்போது விசைப்படகுக்குப் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கரையில் கிடைப்பார்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் வாய்க்கு வந்த வருஷம்தான் வரும். ரேஷன் கார்டில் உள்ள வயதும் பல நேரம் குத்துமதிப்புதான். ஊரே மறக்காத நாட்களை வைத்துக் கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது ஐயா வல்லம் ஏறும் வயசா, கரையில் ஓடித் திரியும் வயசா? கல்யாணத்துக்கு ஆட்கள் ரயிலில் வந்தார்களா, 1988-ல் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸில் வந்தார்களா? இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் வருஷத்தைப் போடுங்கள். இல்லையென்றால் "பாலம் வருமுன்" என்றே இருக்கட்டும், தப்பான வருஷத்தைவிட அது மேல்.

பேச்சைச் செல்போனில் பதியுங்கள், ஆனால் கடற்கரையில் வேண்டாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பதோடு முடிந்துவிடும். கொட்டகையில் வலை சரிபண்ணும்போது கேளுங்கள். கை ஊசியோடு இருந்தால் பேச்சு தானாக வரும்.

புத்தகத்தில் பாதி இடம் அவருடைய கடல் அறிவுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். அது வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது. மீன் உள்ள பாரை (கடலடிப் பாறைத் திட்டு) எப்படிக் கண்டுபிடித்தார்? கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம், ஒரு பனையும் கோபுரமும் போல, ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். ஒரு ஜோடியை மட்டும் எழுதினால் கோடு கிடைக்கும், இடம் கிடைக்காது. ஆழத்தை அவர் சொன்ன பாகத்திலேயே எழுதுங்கள் (விரித்த இரு கை அளவு, சுமார் 6 அடி). ஒவ்வொரு இடத்துக்கும் வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று குறிக்க மறக்காதீர்கள். வாடையில் (வடகிழக்குக் காற்று) வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமரும். கச்சானில் நேர் எதிர். இதை விட்டால் அவர் ஏன் வல்லத்தைக் கரை மாற்றினார் என்பது பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது.

தலைவராக இருந்த காலத்துக்கு ஊர் வரி நோட்டைப் பாருங்கள். தலைக்கட்டுக்கு (ஒரு குடும்பத்துக்கு) எவ்வளவு வரி, அந்தப் பணத்தில் ஊரில் என்ன கட்டினார்கள் என்பதே போதும், புகழுரை தேவையில்லை. அவர் தீர்த்த வழக்குகளில் தோற்றவர் பெயரைப் போடவே கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் இதே கரையில்தான் வலை காயப்போடுகிறார்கள்.

உப்புக்காற்றில் பழைய படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்: பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், பிரதிபலிப்பு விழாமலிருக்க செல்போனுக்குப் பின்னால் ஒருவர் கருப்புத் துணி பிடிக்கவேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

ஏ5 அளவில் 24 பக்கம் போதும். நடுவில் பின் அடிப்பதென்றால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபடவேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், சில எழுத்து காணாமலே போகும். அதனால் அச்சுக்கு முன் தாளில் ஒரு புரூஃப் எடுத்து, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து முழுக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் "இல்லப்பா" என்று சொல்லும் வரியில் நிறுத்தி, பேனாவால் வட்டமிடுங்கள்.