குதிரை மேயும் நிலத்தில் பாய்சன் ஐவி (பட்டால் தோலில் கொப்புளம் கிளப்பும் அமெரிக்கக் கொடி) படர்ந்திருக்கிறது. குதிரைக்கு ஆபத்தா? எப்படி ஒழிப்பது?

குதிரைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தின்றுவிட்டுப் பேசாமல் நிற்கும். அவஸ்தை நமக்குத்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆறு ஏக்கரில் இரண்டு குதிரை வைத்திருக்கிறோம். முதல் கோடையிலேயே எனக்கு முன்கையில் கோடு கோடாகக் கொப்புளம். செடிப் பக்கமே போகவில்லையே என்று குழம்பினேன். அப்புறம்தான் பிடிபட்டது. எங்கள் பெண்குதிரை வேலியோரக் கொடிக்குள் தலையை விட்டு மேயும். சாயங்காலம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் பிரஷ் போடுவேன். செடியின் எண்ணெய், அதாவது உருஷியால், அதன் ரோமத்தில் ஒட்டி வந்து என் கையில் இறங்கியிருக்கிறது. நம் ஊரில் சேங்கொட்டை பட்டால் தோல் பொங்குமே, இதுவும் அதே குடும்பம்தான். மாமரமும் அப்படியே. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த அனுபவம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

பாய்சன் ஐவிக்குக் கொத்துக்கு மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். ஐந்து இலை என்றால் அது வேறு கொடி. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின், மரத்தில் ஏறிய தண்டு தேங்காய் நார் சுற்றிய கயிறு மாதிரி இருக்கும். அதிலும் எண்ணெய் உண்டு. ஒரு ஜனவரியில் அதை வெறும் கையால் பிய்த்து எறிந்தேன். அந்தக் கதை வேண்டாம்.

சின்னச் செடிகளை மழை பெய்த மறுநாள், நீளக் கையுறை போட்டு வேரோடு பிடுங்கலாம். மரத்தில் ஏறியதை அடியிலும் இடுப்பு உயரத்திலும் வெட்டி, அடிக்கட்டையில் உடனே ட்ரைக்ளோபிர் என்ற களைக்கொல்லியைத் தடவுங்கள். மேலே இருப்பது தானே காயட்டும், இழுக்காதீர்கள். திறந்த வெளியில் தெளிப்பதற்கும் அதுவே நல்லது. இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். எதைத் தெளித்தாலும் லேபிளில் சொன்ன நாள்வரை குதிரைகளை வேறு பக்கம் கட்டுங்கள். மருந்து பட்டு வாடும்போது, வழக்கமாகத் தொடாத விஷச் செடிகளைக்கூட அவை ருசி பார்க்கும். ஆடு விட்டால் இலையைத் தின்று தீர்க்கும், ஆனால் வேர் மறுபடி துளிர்க்கும். எங்களுக்கு இரண்டு கோடை ஆனது.

புல் வெட்டும் மெஷினை அதன்மேல் ஓட்டாதீர்கள், சாறு தெறிக்கும். எரிக்கவே கூடாது. புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான்.

வேலை முடிந்ததும், முடிந்தால் பத்து நிமிடத்துக்குள், பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவுங்கள். கயிறு, பிரஷ், கத்தரி எல்லாவற்றையும்கூட. எண்ணெய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மூன்றாவது தடவை எனக்குக் கொப்புளம் வந்தது, லாயத்து ஆணியில் போன வருடம் மாட்டிவைத்த கையுறையால்.